பட்டமா, பயிற்சியா?

மருத்துவர் அல்லாதவர் கருக்கலைப்பு செய்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள். உயிர்மீதான அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆபத்து உண்டா இல்லையா என்பது சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது. நம்பிக்கையால் முடிவு செய்வதல்ல.

சோதித்தும் பார்த்துவிட்டார்கள். தொடக்க வாரங்களில் கருவை உறிஞ்சி எடுக்கும் முறையில், பயிற்சி பெற்ற இடைநிலைப் பணியாளர்களும் மருத்துவர்களுக்கு நிகராகப் பாதுகாப்பாகவே செய்கிறார்கள் என்று தென்னாப்பிரிக்காவிலும் வியட்நாமிலும் நடந்த ஆய்வு 2006-இல் சொன்னது. நேபாளத்தில் மாத்திரை கொடுத்து நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. மருத்துவர்கள் கொடுத்தபோது 96.1 விழுக்காட்டினருக்கும், செவிலியரும் துணைச் செவிலியரும் கொடுத்தபோது 97.3 விழுக்காட்டினருக்கும் கருக்கலைப்பு முழுமையாக நடந்தது. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் செய்த ஆய்வுகளும் செவிலியருக்குச் சாதகமாகவே வந்தன. உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைக்கிறது.

இந்தியச் சட்டமோ 1971 முதல் இன்றுவரை மருத்துவரைத் தவிர வேறு யாரையும் ஏற்கவில்லை. செவிலியரைச் சேர்க்கலாம் என்று 2014-இல் ஒன்றிய அரசு வரைவு வெளியிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. 2021 திருத்தம் வாரக் கணக்கை நீட்டியது. இந்தக் கதவைத் திறக்கவில்லை.

விளைவு என்ன? 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம். அவற்றில் 73 விழுக்காடு, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை வாங்கி விழுங்கி நடந்தவை. செவிலியர் கூடாது என்ற சட்டம் அந்தப் பெண்களை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. எவ்வளவு, எப்படி என்று சொல்ல ஆளில்லாமல் விட்டிருக்கிறது. நகரத்து வசதிக்காரப் பெண்ணுக்குத் தனியார் மருத்துவமனை இருக்கிறது. ஒருநாள் கூலியை இழந்து பேருந்து ஏற வேண்டிய சேரிப் பெண்ணுக்கு?

பிரசவத்தைத் தீட்டென்று ஒதுக்கி, அந்த வேலையை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் தலையில் கட்டிய சமூகம் இது. அந்தக் கைகளுக்கு அதிகாரம் தரும்போது மட்டும் தகுதி பேசுகிறது. தகுதி என்ற சொல்லை வைத்து யாரை வெளியே நிறுத்துவார்கள் என்பது நமக்குப் புதிதல்ல.

யார் வேண்டுமானாலும் செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை. முறையான பயிற்சி, சான்றிதழ், சிக்கலானால் உடனே அனுப்ப மருத்துவமனை, இவை மூன்றும் கட்டாயம் வேண்டும். கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்காகவே கேட்டார் பெரியார். அந்த விடுதலை ஆரம்ப சுகாதார நிலையம்வரை வர வேண்டுமானால், அங்கிருக்கும் செவிலியருக்குப் பயிற்சியும் சட்ட உரிமையும் கொடுங்கள்.