மிச்சக் காசுக்கு யார் கணக்குச் சொல்வது?

ஒரு போக்குவரத்துத் திட்டத்துக்கென்று சேர்த்த பணம் மிஞ்சினால் அது யாரிடம் திரும்ப வேண்டும்? காணி பறிபோனவருக்கு ஒன்ராறியோச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. கட்டாயமாகக் காணி எடுக்கும் அமைப்பு, அதைக் கையேற்கும் முன்னரே சந்தைப் பெறுமதியைக் கொடுக்க முன்வர வேண்டும். அதை வாங்கிக்கொண்டே, போதாது என்று தீர்ப்பாயத்திலும் கேட்கலாம். எடுத்த காணி பின்னர் தேவைப்படாவிட்டால், திரும்ப வாங்கும் முதல் வாய்ப்பு பொதுவாகப் பழைய உரிமையாளருக்கே.

வரி கட்டியவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஸ்காபரோ சப்வே இதற்கு நல்ல உதாரணம்.

2013இல் ரொறன்ரோ நகரசபை இலகு ரயில் திட்டத்தைக் கைவிட்டு சப்வே நீட்டிப்பைத் தெரிவுசெய்தது. நகரத்தின் பங்குக்காக 2014 முதல் 2016 வரை வீடுகளுக்கான சொத்துவரி படிப்படியாக மொத்தம் 1.6 சதவீதம் கூட்டப்பட்டது. 2019இல் மாகாண அரசு அந்தத் திட்டத்தையும் அதன் செலவையும் தானே பொறுப்பேற்றது. ஆனால் ஏறிய வரி இறங்கவில்லை. பணம் நகரத்தின் வேறு போக்குவரத்துத் தேவைகளுக்குத் திருப்பப்பட்டது.

பழைய ரயில்களையும் தண்டவாளங்களையும் திருத்தப் பணம் வேண்டும் என்பது நகரசபையின் நியாயம். அதில் பிழையில்லை. ஆனால் 2023 ஜூலை 24 அன்று ஸ்காபரோ ரயில் தடம்புரண்டு ஐந்து பேர் காயமடைந்தனர். அந்த ரயில் பிறகு ஓடவேயில்லை. பயணிகள் பஸ்ஸுக்கு மாறினார்கள். கெனடிக்கும் எல்ஸ்மியருக்கும் இடையே பழைய தண்டவாள நிலத்திலேயே பஸ் பாதை போடலாம். அதற்காக யாருடைய வீட்டையும் வாங்கத் தேவையில்லை. அதற்கும் யார் காசு தருவது என்று நகரமும் மாகாணமும் இழுபட்டன. சப்வேக்கென்று பல ஆண்டுகள் வரி கட்டிய ஊரில் இது நடந்தது.

சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன? இங்கே பெரும்பாலானோர் வாடகைக்கு இருப்பவர்கள். வரிப் பத்திரம் எங்கள் கைக்கு வருவதில்லை. வாடகைக்குள் ஒளிந்து வருகிறது. கட்டடத்தின் நகர வரி 2.49 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் வாடகை தானாகக் குறைய வேண்டும் என்பது மாகாணச் சட்டம். அந்தச் சப்வே வரியை நாளைக்கே நீக்கினாலும் இந்த எல்லையை எட்டாது. மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்தாலும் அது கட்டட உரிமையாளரோடு நின்றுவிடும்.

ஆகவே வாடகைக்காரர் கேட்க வேண்டியது காசோலை அல்ல. ஷேர்போர்ன், வெல்லஸ்லி வீதிகளில் நேரத்துக்கு வரும் பஸ்ஸைக் கேட்கலாம். அதற்கு முன், அந்த வரியால் எவ்வளவு சேர்ந்தது, எதற்குப் போனது என்ற கணக்கைக் கேட்க வேண்டும். அடுத்த நகரசபைத் தேர்தலில் வாக்குக் கேட்டுக் கதவைத் தட்டுகிறவர்களிடம் கேட்பதற்கு இது நல்ல கேள்வி.