பெயர் ஒன்று, தொழில் மூன்று

பத்தாம் வகுப்பு முடித்த மாணவன், "எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போகலாமா?" என்று ஆசிரியரைக் கேட்பது இயல்பு. அதற்கு உடனே விடை கூறிவிடுவது உசிதமன்று. உலக வழக்கில் அந்த ஒரு பெயருக்குள் மூன்று தொழில்கள் அடங்கியிருக்கின்றன. கட்டடங்களுக்குள் மின்கம்பி அமைத்து விளக்கும் விசையும் பொருத்துவோர் ஒரு வகையினர். மோட்டார் முதலிய மின்பொறிகளை நிறுவிப் பழுது பார்ப்போர் மற்றொரு வகையினர். கம்பத்தின் மேலேறி மின்தொடர்களை இழுத்துக் கட்டுவோர் மூன்றாம் வகையினர். புதிய வீடுகள் எழும்பும் ஊரில் முதல் வகையினருக்குக் குறைவிராது. இரண்டாம் வகையினர் பட்டறையையும் ஆலையையும் நம்பி வாழ்பவர். மூன்றாம் வகையினரோ மழையிலும் வெயிலிலும், உயிருக்கு ஆபத்தான உயரத்திலும் பணி புரிபவர். தேசியத் தொழில் வகைப்பாடு இம்மூன்று வகையினருக்கும் முறையே 7411, 7412, 7413 என்னும் தனித்தனி எண்களை வழங்கியிருக்கிறது.

இவ்வகைப்பாடு மத்திய அரசாங்கத்தால் 1958-இல் வெளியிடப்பெற்று, 1968, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் சுமார் 3,600 தொழில்கள் எட்டு இலக்க எண்களுடன் இடம் பெற்றுள்ளன. எண்களைக் காட்டிலும் அவற்றின் கீழுள்ள விவரணையே பயன் மிக்கது. இன்ன தொழிலாளி எவற்றைக் கையாளுகிறார், எதைச் சோதிக்கிறார், எதைப் பழுது பார்க்கிறார் என்பன அங்கே வினைச்சொற்களால் கூறப்படுகின்றன. இரண்டு தொழில்களின் விவரணைகளை அருகருகே வைத்துப் படிக்கும் மாணவன், தனக்கு எது ஒவ்வாது என்பதையாவது அரை மணி நேரத்தில் அறிந்து கொள்வான். வெறும் பெயர்களை ஒப்பிடுபவனுக்கு அதுவும் கிட்டாது.

முதல் இலக்கத்தைப் பற்றிப் பெற்றோரிடையே ஒரு தவறான எண்ணம் ஏற்படக்கூடும். எண் பெருகப் பெருகத் தொழிலின் தகுதி குறைகிறது என்று கருதலாகாது. எழுத்தர்கள் 4-ஆம் பிரிவிலும், நெசவாளர் 7-ஆம் பிரிவிலும் வைக்கப்பட்டுள்ளனர். ஆயினும் 4 முதல் 8 வரையுள்ள பிரிவுகள் அனைத்திற்கும் குறிக்கப்பட்ட தேர்ச்சி நிலை ஒன்றே. மேசையெதிரே அமர்வதையே உத்தியோகம் என்று எண்ணும் குடும்பங்களுக்கு ஆசிரியர் இதனை எடுத்துக் காட்டுவது நலம்.

ஊதிய ஒப்பீட்டில்தான் உண்மையான இடர்ப்பாடு இருக்கிறது. வகைப்பாட்டில் தொழிலாளி செய்யும் வேலை உண்டு. அதற்குக் கிடைக்கும் கூலி இல்லை. 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு வருமானத்தையும் விசாரிக்கிறது. ஆனால் அதில் தொழில் மூன்று இலக்கங்களாலேயே குறிக்கப்பட்டு வந்திருக்கிறது. நான்காவது இலக்கம் நீங்கியதும் மேற்சொன்ன மூன்று வகையினரும் 741 என்னும் ஒரே தொகுதியில் கலந்து விடுகின்றனர். அதினின்று பெறும் சராசரி கம்பத்திலிருப்பவருக்கும் பொருந்தாது, பட்டறையிலிருப்பவருக்கும் பொருந்தாது.

இக்குறையை நிரப்ப அமெரிக்கத் தொழில் இலாகாவின் 'ஓநெட்' தொகுப்பைச் சிலர் நாடுகின்றனர். அது போற்றத்தக்க தொகுப்பே. ஒவ்வொரு தொழிலுக்கும் வேண்டிய அறிவு, பணிச்சூழல் ஆகியவற்றைப் பெரும்பாலும் அத்தொழிலிலுள்ளோரிடமே வினவித் திரட்டியது. என்ன கேள்விகள் கேட்க வேண்டும் என்பதை அதனிடம் கற்கலாம்; விடைகளை அங்கிருந்து எடுப்பது பிழை. அதிலுள்ள ஊதியமும் பயிற்சிக் காலமும் அந்நாட்டுச் சட்டத்தையும் சந்தையையும் சார்ந்தவை. டாலரை ரூபாயாக்கிக் காட்டினால் மாணவன் கண்டு மயங்குவது கானல் நீரையே.

உள்ளூர் ஊதியத்தை உள்ளூரில்தான் விசாரிக்க வேண்டும். கள ஊழியர்கள் பட்டறைகளுக்கும் பண்ணைகளுக்கும் எப்படியும் செல்கின்றனர். அங்கு வேலை செய்பவரிடம் தொடக்கத்தில் பெற்ற கூலி, ஐந்தாண்டுக்குப் பின் பெற்றது, வேலையில் சேர்ந்த வழி, ஆண்டில் வேலையற்ற மாதங்கள், நேர்ந்த விபத்துகள் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து, அக்குறிப்பின் தலைப்பில் பெயரோடு நான்கு இலக்க எண்ணையாவது எழுதினால் போதும். 'வயர்மேன்' என ஓர் ஊரிலும் 'கரண்ட்டுக்காரர்' என வேறோர் ஊரிலும் வழங்குபவர் 7411 என்ற எண்ணின் கீழ் ஒன்று சேர்வர். அண்டை மாவட்டத்துக் குறிப்பையும் அதனோடு வைத்துப் பார்க்கலாம். அதற்குப் புதிய படிவமோ தனி நிதியோ தேவையில்லை. பள்ளி நூலகத்தில் ஒரு குறிப்பேடும், அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஓர் ஆசிரியரும் இருந்தால் வேலையைத் தொடங்கி விடலாம்.