தலையைத் தட்டினால் தீராத புரை

சாப்பிடும்போது புரையேறினால், "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையைத் தட்டுவது நம் வீட்டு வழக்கம். எப்போதோ ஒருமுறை என்றால் சரி. வாய்க்கு வாய் புரையேறினால் அது யாருடைய நினைப்பும் அல்ல, நோய். பக்கவாதத்துக்குப் பிறகு என் பெரியப்பாவுக்குத் தண்ணீர் குடித்தாலே இருமல் வரும், குரல் களகளக்கும். எளிதாக இறங்குமே என்று பெரியம்மா ரசம் சோற்றைக் கரைத்துக் கரைத்து ஊட்டினார். மூன்றாம் வாரம் நிமோனியா. நீர்த்த ரசம், மூச்சுக்குழல் மூடுமுன்பே வழுக்கி உள்ளே போய்விடும். பருக்கையும் நீரும் கலந்த உணவு இன்னும் சிரமம் என்பது பிறகுதான் புரிந்தது. பக்கவாதம் மட்டுமல்ல, பார்க்கின்சன், மறதிநோய், தொண்டைப் புற்றுக்கான கதிர்வீச்சு எல்லாமே விழுங்குதலைக் கெடுக்கும். சிலருக்கு இருமல்கூட வராமல் உணவு நுரையீரலுக்குள் இறங்கும். அதைக் காட்டிக்கொடுக்க, பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோவோ, மூக்கு வழியே விடும் எண்டோஸ்கோப்பியோ வேண்டும். வழியும் உண்டு: நிமிர்ந்து உட்காரவைப்பது, பானத்தைக் கெட்டியாக்குவது, தசைப் பயிற்சி, வாய்ச் சுத்தம். திக்குவாய்க்கு மட்டுமே என்று நாம் நினைக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட்தான் இதையும் கற்றுத்தருபவர். பக்கவாத நோயாளிக்கு முதல் வாய் கொடுக்கும் முன் விழுங்கும் திறனைச் சோதிப்பது எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அன்பாக ஊட்டும் கைக்கு அந்த அறிவையும் கொடுப்போம்.