ஆஃப் சீசன் என்றால் யாருக்கு?

பதிவு கொஞ்சம் நீளம். வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிக்கலாம்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி இத்தாலியிலிருந்து நாலு படம் அனுப்பினாள். ஜெனோவாவில் மேல்படிப்பு படிக்கிறாள். அங்கிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் 'சிங்க்வே தெர்ரே' என்று ஐந்து கடற்கரைக் கிராமங்கள் இருக்கின்றன. மலைச்சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி வீடுகள், கீழே கடல். 1997லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்ட இடம். கோடையில் கால் வைக்க இடம் இருக்காதாம். இவள் போனது ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெர்னாட்ஸா என்ற ஊரில் பாதிக் கடை சாத்தியிருக்கிறது. படகுகளைக் கடலிலிருந்து இழுத்து ஊர் நடுவே ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டி ஜன்னலில் துணி காயப்போடுகிறாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "ஐயா, ஆஃப் சீசன்ல வந்தேன். ஊர் ஊரா இருக்கு."

அந்த வரி இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நியாயம்தான். எங்களுக்குப் பாறையும் கோட்டையும்தான். ஆனால் திண்டிவனம் போய் பஸ் மாறினால் மரக்காணம், எல்லாம் சேர்த்துச் சுமார் 60 கிலோமீட்டர். சரித்திரத்தில் இன்னும் நெருக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690ல் ஆங்கிலேயர் வாங்கியது செஞ்சியில் இருந்த மராட்டியரிடம்தான். நம் மலையில் உட்கார்ந்து கடற்கரையை விற்றிருக்கிறார்கள்! அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளில் கடலைப் பார்க்காமலே பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் நிறைய. நான் வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நெய்தல் திணையை நடத்திக்கொண்டிருக்கும்போது பாதிக்கு மேல் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை என்று கை தூக்கினால் தமிழாசிரியனுக்கு எப்படி இருக்கும்?

ஒரு வருஷம் தலைமையாசிரியரிடம் மன்றாடி ஒன்பதாம் வகுப்பை மாமல்லபுரம் அழைத்துப்போனேன். பொங்கல் லீவை ஒட்டிய சனிக்கிழமை. வேறு நாள் கிடைக்கவில்லை. போய் இறங்கினால் மனிதத் தலை. கடற்கரையில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கை கோத்தபடி வரிசையாக நின்றார்கள். யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று நான் தலையை எண்ணிக்கொண்டே இருந்தேன். கடலை நானும் பார்க்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பையன் கேட்டான்: "ஐயா, கடல் எவ்ளோ பெருசுன்னு தெரியவே இல்லியே. முன்னாடி இருந்தவங்க முதுகுதான் தெரிஞ்சுது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பையனுக்கு நான் கடலைக் காட்டவில்லை என்பது இன்றைக்கும் எனக்குக் கடன்தான்.

நாம் கடலுக்குப் போகும் காலங்கள் என்ன? மே மாத லீவு, காணும் பொங்கல், டிசம்பர் 31 ராத்திரி. இதில் மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில். சின்ன நாட்டுப் படகுகள் மட்டும் போய்வரும். தடைக்காலத்துக்கு அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்கிறது, இரண்டு மாதத்துக்கு. அந்த நேரம் பார்த்து நாம் வேன் பிடித்துப் போய் "ஃப்ரெஷ் மீன் இருக்கா?" என்று கேட்கிறோம். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் ஆரம்பம் என்பதால் அந்தப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில் வருகிறது. அதைக் கடலைப் பார்த்தபடி வறுத்துத் தின்றுவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். நம் சீசனும் கடலின் சீசனும் ஒன்றல்ல. இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு நேரம் கையில் இருந்தது. கார்த்திகையில் மழை விட்ட ஒரு புதன்கிழமை, மனைவியும் நானும் மரக்காணம் போனோம். டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததே பாதி சந்தோஷம். வழியெல்லாம் ஏரி நிரம்பி இருந்தது. கழுவெளியில் தண்ணீர் கண்ணுக்கெட்டிய வரை. 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம், 2024ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வடக்கேயிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வருவது இந்தக் குளிரில்தான். நமக்குத்தான் ஆஃப் சீசன். பறவைக்கு இதுதான் சீசன். இருந்தும் அன்றைக்கு அங்கே எங்களைத் தவிர மாடு மேய்க்கும் ஒருவர்தான் இருந்தார்.

பாடம் நடத்தின பழக்கம் போகாது, ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்ன? பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. இன்றைய பாஷையில் டூரிஸ்ட் கைடு. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். மரக்காணத்துக்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டை இருக்கும் பகுதிதான் இடைக்கழிநாடு. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில்தான் இன்றைய திண்டிவனம். வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். அங்கே பரதவர் வீட்டில் பாணனுக்குச் சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்று புலவர் வழி சொல்கிறார். நான் சொல்ல வந்தது இதுதான்: நம் மாவட்டத்தின் முதல் பயணக் குறிப்பில் கடலோர ஊர் என்றால் அங்கே இருக்கும் ஆளும் அவர் வீட்டுச் சாப்பாடும்தான். 'வியூ' அப்புறம்.

உப்பளத்துக்கு வருகிறேன். படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் மரக்காணம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியலோடு இருக்கும். கார்த்திகையில் அப்படி இல்லை. பாத்தி, வரப்பு எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர்க் காடு. முன்பே வாரிய உப்பைக் கரையில் குவித்துக் கீற்று போட்டு மூடியிருந்தார்கள், வரிசையாகக் குடிசை மாதிரி. காற்று மட்டும்தான் சத்தம். எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ரோட்டோரம் பையில் கல்லுப்பு வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் சொன்னேன், "என்னம்மா, இவ்வளவு அமைதியா இருக்கு!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேலை இல்ல சார், அதான் சத்தம் இல்ல."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லுக்குப் பொருள் சொல்லிப் பிழைத்தவன். அமைதி என்ற சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் பேசினால்தான் விஷயம் வரும். தை பிறந்து தண்ணீர் வற்றவேண்டும், வரப்பு போடவேண்டும், பாத்தியை மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டியாக்கவேண்டும், உப்பு கைக்கு வர மாசி, பங்குனி ஆகிவிடும், அப்புறம் அடுத்த மழை வரைக்கும் வெயிலில் வேலை. ஐப்பசி முதல் மார்கழி வரை? "எது கெடைக்குதோ அது." மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் அரசு தருகிறது. அதில் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

அதே நாள் மீனவர் குப்பத்திலும் ஃபைபர் படகுகள் கரையில்தான் கிடந்தன. வாடைக்காற்று. முந்தின நாள் வரை எச்சரிக்கை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை உட்காரச் சொல்லி, எந்த ஊர் என்று கேட்டு, "செஞ்சியா? அமாவாசைக்கு மேல்மலையனூர் போறப்ப உங்க ஊர்ல டீ குடிப்போம்" என்றார். அரை மணி நேரம் பேசினோம். மே மாதக் கூட்டத்தில் இது நடக்குமா?

ஆகவே என் கட்சி இதுதான். கடற்கரை ஊர்களுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை போங்கள், வருஷக் கடைசிக் கூத்தையும் காணும் பொங்கலையும் விட்டுவிட்டு. வார நாளில் போங்கள். ஆனால் 'ஆஃப் சீசன், சீப்பா முடிஞ்சுது, டிஸ்டர்ப் இல்ல' என்று பெருமையடிக்கப் போகாதீர்கள். நமக்கு டிஸ்டர்ப் இல்லாமல் இருப்பதற்கு இன்னொருவர் கூலி இல்லாமல் இருப்பது காரணமாக இருக்கலாம். மே மாதத்தில் ஒரு டீக்கடையில் நூறு பேருக்கு நடுவே நீங்கள் கொடுக்கும் இருபது ரூபாய் வேறு. கார்த்திகையில் அன்றைக்கு வந்த ஐந்து பேரில் ஒருவராகக் கொடுக்கும் இருபது ரூபாய் வேறு. வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போய் அங்கே இலையை மட்டும் எறிந்துவிட்டு வருவது எந்த மாதத்திலும் அழகல்ல, அந்த மாதத்தில் ரொம்ப மோசம். நாங்களும் அன்று புளிசாதத்தோடுதான் போனோம். அதனால்தான் சொல்கிறேன். (உப்பு மட்டும் ஐந்து கிலோ வாங்கி வந்தோம். இன்னும் தீரவில்லை. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாயிற்று.)

"மழையில் எவன் சார் கடலுக்குப் போவான், ஆபத்து" என்பீர்கள். உண்மை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் நம் பக்கம்தான் கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. என் மாணவி படம் எடுத்த அதே வெர்னாட்ஸாவில் 2011 அக்டோபர் 25 அன்று மலையிலிருந்து சேறு இறங்கித் தெருவையே மூடியது, உயிர்ச்சேதமும் ஆனது. சீசன் இல்லாத காலத்துக்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. எனவே எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் வீட்டில் இருங்கள். கடலில் காலைக்கூட நனைக்கவேண்டாம், கரையோடு சரி. படகு போகுமா என்று மீனவரிடம் கேளுங்கள். அவர் போகாத கடலில் நமக்கு என்ன வேலை?

பள்ளிச் சுற்றுலாவை இந்த மாதங்களுக்கு மாற்றலாமே என்று ஒரு காலத்தில் சொல்லிப் பார்த்தேன். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, நடுவில் மழை விடுமுறை, அதை ஈடுகட்டச் சனிக்கிழமை வகுப்பு. ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிப்ரவரி இருக்கிறது. கடல் தணிந்திருக்கும், பாத்தி மிதிக்கத் தொடங்கியிருப்பார்கள், பறவையும் இன்னும் இருக்கும். பத்தாம் வகுப்புக்குத்தான் முடியாது. ஆறு முதல் ஒன்பது வரை ஒரு வார நாளைக் கொடுத்தால் போதும். பரீட்சைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இதையெல்லாம் கடற்கரைக்காரனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். என் ஊருக்கும் இதே கதைதான். கடந்த 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டில் செஞ்சி மட்டும். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் கூடியிருக்கின்றன. சந்தோஷம். ஆனால் மே மாதம் உச்சி வெயிலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ராஜகிரி ஏறி, பாதியில் மயங்கி, "என்னங்க இந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல" என்று திட்டிவிட்டுப் போகிறார்கள். வெயிலில் காய்ந்த பாறையில் என்ன இருக்கும்? மார்கழியில் வாருங்கள். செட்டிக்குளம், சக்கரக்குளம் நிரம்பி இருக்கும், பாறை இடுக்கெல்லாம் பச்சை, காலையில் கல்யாண மகால் மேல் பனி. கோட்டை வாசலில் இளநீர் விற்பவருக்கு அப்போது வியாபாரம் கிடையாது. பேச நேரம் இருக்கும். கைடு புத்தகத்தில் இல்லாத பாதையெல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் "ஊர் எவ்வளவு அமைதி" என்று மட்டும் சொல்லாதீர்கள். இளநீர் வாங்குங்கள்.

இத்தாலிக்காரிக்குப் பதில் எழுதினேன். "சாத்தியிருந்த கடைக்காரங்க எல்லாம் குளிருக்கு எங்க போவாங்க, எப்படிப் பிழைப்பாங்கன்னு விசாரிச்சியா?" என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா, அடுத்த தடவை கேக்கறேன்" என்று பதில் வந்தது. தமிழ் ஐயா இன்னும் வீட்டுப்பாடம் கொடுக்கிறார் என்று மனசுக்குள் திட்டியிருப்பாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் மறுபடி மரக்காணம் போகிறோம். அங்கிருந்து கடப்பாக்கம் இறங்கி ஆலம்பரைக் கோட்டையையும் பார்க்கவேண்டும். ஒரு காலத்தில் நாணயம் அடித்த இடம். 1750ல் செஞ்சியும் ஆலம்பரையும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயின. 1760ல் ஆங்கிலேயர் ஆலம்பரையை இடித்தார்கள், அடுத்த வருஷம் செஞ்சியும் அவர்களிடம் விழுந்தது. உறவுக்காரக் கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை புளிசாதம் கிடையாது, அங்கேயே மீன் குழம்பு. காலை ஆறரை மணிக்குச் செஞ்சி பேருந்து நிலையத்தில் திண்டிவனம் பஸ். அந்தச் 'முதுகுதான் தெரிஞ்சுது' பையன் இப்போது இங்கேயே மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. கடையை ஒரு நாள் சாத்திவிட்டுக் குழந்தையோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.