வெள்ளித்திரையும் அடுத்த வீட்டாரும்

ஒரு நூல் ஒருவருடைய வாழ்வைத் திருப்பியது என்று சொன்னால் நாம் மதிப்போடு கேட்கிறோம். ஒரு திரைப்படம் திருப்பியது என்றால் முகம் சுளிக்கிறோம். நம் பெரியோர்கள் பலர் திரைப்படத்தைப் பொழுதைத் தின்னும் பொறி என்று ஒதுக்குகின்றனர். இளைஞர்களோ, அது வெறும் பொழுதுபோக்குதானே என்று தோளைக் குலுக்குகின்றனர். எதிரெதிர் நிற்கும் இவ்விரு தரப்பாரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர். அரங்கின் விளக்குகள் எரிந்ததும் படம் முடிந்துவிடுகிறது என்பதே அது. அக்கருத்து பொருந்தாது என்பது என் துணிபு. படத்தின் உண்மையான வேலை விளக்குகள் எரிந்த பிறகே தொடங்குகிறது. அவ்வேலை பார்த்தவரோடு நின்றுவிடுவதும் இல்லை.

தொடக்கமே ஒரு சான்று

இந்தியத் திரைப்படத்தின் தொடக்கமே பார்வையாளர் இருவரின் வாழ்க்கை மாற்றத்தில் அமைந்திருக்கிறது. 1905-ஆம் ஆண்டில் திருச்சியில் ரயில்வே வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிய படங்களைக் கண்டார். நோயுற்று நாடு திரும்ப விரும்பிய அவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசு பெருமானின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் அவற்றுள் ஒன்று. நிலையான வேலையைத் துறந்து, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கைக் கட்டினார். பம்பாயில் இயேசுவின் வாழ்வு பற்றிய ஒரு படத்தைக் கண்ட தாதாசாகெப் பால்கே, நம் நாட்டுக் கதைகளும் இவ்வாறு திரையில் வருமா என்று ஏங்கினார். 1913-இல் அவருடைய அரிச்சந்திரன் கதைப்படம் வெளிவந்தது. கிறித்தவ சமயப் படம் ஒன்று இந்துப் புராணப் படம் ஒன்றுக்குக் காரணமாயிற்று. பிறர் கதையைக் கண்ட கண், தன் கதையைத் தேடியது.

இவர்கள் கலைஞர்கள், இவர்களுடைய மாற்றம் வரலாற்றில் ஏறிவிட்டது. அரங்கில் தரையில் அமர்ந்து பார்த்தவரின் வாழ்வில் நிகழ்ந்த மாற்றத்தை யார் எழுதிவைத்தார்கள்? தமிழர் அனைவரும் சாதிப் படிநிலை கடந்து ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு திரையரங்கே என்று ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி கருதினார். அவ்வாறு அமர்ந்தவர்கள் வீடு திரும்பும்போது எதை எடுத்துச் சென்றனர் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

நெய்தல் நிலத்தில் ஒரு படம்

காரைக்கால் கடற்கரையில் காசாக்குடிமேடு, காரைக்கால்மேடு என்று மேட்டில் முடியும் மீனவ ஊர்களுள் ஒன்று கிளிஞ்சல்மேடு. பெயரிலேயே நெய்தல் மணம் வீசும் ஊர். சங்கப் புலவர் அம்மூவனார் நெய்தலைப் பாடிச் சிறந்தார். ஆயினும் பின்வந்த இலக்கியத்தில் கடல்மேற் செல்வோரின் உழைப்பு நெடுங்காலம் போதிய இடம் பெறவில்லை. 1956-இல் தகழி மலையாளத்தில் எழுதிய செம்மீனைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படித்தே தமிழ் வாசகர் பலர் ஒரு மீனவக் குடிசைக்குள் நுழைந்தனர்.

1964-இல் டி.பிரகாஷ்ராவ் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ‘படகோட்டி’ வெளிவந்தது. மீனவர்களின் இரு பிரிவினரைப் பகைமூட்டிப் பிரித்துவைத்து, அவர்களுடைய பாட்டில் கொழிக்கும் ஒரு செல்வரையும், அச்சூழ்ச்சியை உணர்ந்து தம் மக்களை ஒன்றுசேர்க்கப் பாடுபடும் மாணிக்கம் என்னும் இளைஞனையும் அப்படம் காட்டியது. கலை நோக்கில் அதில் குறைகள் பல காணலாம். படகோட்டியின் ஆடை வலை இழுப்பவரின் ஆடை அன்று. எனினும் அப்படம் தொட்ட இடம் உண்மையானது. வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுத்தவருக்கே மீனை விற்க வேண்டும், விலையை அவரே சொல்வார், கடன் தீராது, தீராதவரை மீனும் வேறிடம் போகாது. கடற்கரை ஊர்கள் பலவும் அறிந்த பொறி இது.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து பயில வந்த மாணவர் ஒருவர், தம் மனத்தில் தங்கிய திரைப்படம் பற்றி எழுதுக என்று வகுப்பில் நான் பணித்தபோது, தாம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பு வந்த ‘படகோட்டி’யைப் பற்றி எழுதினார். அவருடைய பாட்டனார் அப்படத்தைப் பலமுறை கண்டவராம். அதன் பிறகு ஒருநாள் வியாபாரியிடம் சென்று, “என் கணக்கை ஒருதரம் படிச்சுக் காட்டுங்க” என்று கேட்டாராம். அதுவரை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. வியாபாரி படித்துக் காட்டியது சரியா தவறா என்று பாட்டனாருக்குத் தெரியவில்லை; அவருக்கு எழுத்து தெரியாது. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று சொல்லி, கடைசி மகனைக் கடலுக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பினார். அந்த மகனின் மகனே என் மாணவர்.

ஒரு படம்தான் இக்குடும்பத்துக்குக் கல்வியைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் இருந்தது; ஆசிரியர் இருந்தார்; காலமும் மாறிக்கொண்டிருந்தது. ஆனால், கணக்கைக் கேட்கலாம் என்ற துணிவு ஓர் இரவு அரங்கிலிருந்து அவரோடு வீட்டுக்கு வந்தது. திரைப்படம் மனிதர்க்கு இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொடுப்பதில்லை. உள்ளே ஊமையாகக் கிடந்த ஒன்றுக்குச் சொல் கொடுக்கிறது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிய பின், நாள்தோறும் தொலைக்காட்சியில் மீனவர் முகங்கள் வந்தன. அவை அழும் முகங்கள் மட்டுமே. துயரத்தின்போது மட்டும் ஒரு மக்களைத் திரையில் காண்பவர்கள் அவர்களுக்காக இரங்குவார்கள்; அவர்களை அறிந்துகொள்ள மாட்டார்கள். உழைக்கும், சினக்கும், காதலிக்கும், வழக்காடும் மீனவரை உள்நாட்டார் கண்டது, எவ்வளவு குறையுடையதாயினும், கதைப்படங்களில்தான்.

வழிபாடும் வழியும்

இனி மறுபக்கத்தையும் காண்போம். திரையில் படகோட்டியவரை மக்கள் நாடாளவும் வைத்தனர். அவருடைய ஆட்சியிலேயே, 1985 டிசம்பரில், சென்னை மெரினாக் கடற்கரையிலிருந்து மீனவரின் படகுகளையும் வலைகளையும் அகற்றும் முயற்சி மோதலில் முடிந்து, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். 1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தபோது, துயரம் தாளாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்ட எளியவர்களும் உண்டு. திரைப்பிம்பம் ஏழையின் மனத்தை எவ்வாறு பிணித்தது என்பதை எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

கே.பாலசந்தர் இயக்கி 1981-இல் வெளிவந்த ‘ஏக் துஜே கே லியே’ இந்திப் படத்தில் காதலர் மாண்டுபோகும் முடிவைக் கண்டு, அவ்வாறே உயிர்நீத்த இளையோர் பற்றிய செய்திகளும் வந்தன. ஆகவே, படம் வாழ்வை மாற்றியது என்ற அளவிலேயே அதனைப் போற்றிவிட முடியாது. கிளிஞ்சல்மேட்டு முதியவர் நடிகரை வணங்கவில்லை என்று எண்ண வேண்டா; வணங்கியிருப்பார். ஆனால் வணங்கியதோடு நில்லாமல் கணக்கையும் கேட்டார். வழிபாட்டிலிருந்து வழி பிரியும் இடம் அதுவே. ஒரு படம் பார்த்தவரை எழுந்து நிற்கச் செய்ததா, விழுந்து கிடக்கச் செய்ததா என்பதே நாம் கொள்ள வேண்டிய உரைகல்.

நம்மைப் பற்றிய படங்கள்

நம் சமுதாயத்தை நேரே தொடும் பகுதிக்கு வருகிறேன். 1961-இல் ஏ.பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில், இந்துக் குடும்பத்தில் பிறந்த குழந்தை ஒன்று முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கையில் ரஹீமாக வளர்கிறது. சிவாஜி கணேசன் அவ்வேடம் ஏற்றார். வளர்த்த தந்தையாக நாகையா நடித்தார். அப்படத்தின் பெருநாள் பாடலை டி.எம்.சௌந்தரராஜனுடன் சேர்ந்து பாடியவர் நாகூர் ஈ.எம்.ஹனிபா. காரைக்காலிலிருந்து வாஞ்சூரைக் கடந்தால் நாகூர். திரையரங்கின் படியை மிதிக்காத எங்கள் வீட்டு முதியவர்களும் வானொலியில் அப்பாடல் வந்தால் பேச்சை நிறுத்திக் கேட்டனர்.

என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியர் ஒருவர், முஸ்லிம் குடும்பம் ஒன்றுகூட இல்லாத உள்நாட்டுச் சிற்றூரில் பிறந்தவர். “நான் முதன்முதலில் நுழைந்த முஸ்லிம் வீடு பாவமன்னிப்பு படத்தில் வந்த வீடுதான். இக்கல்லூரியில் வேலைக்கு வந்தபோது எனக்கு எதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை” என்று அவர் பலமுறை கூறியதுண்டு. பிறப்பைக் காட்டிலும் வளர்ப்பே மனிதரை ஆக்குகிறது என்ற அப்படத்தின் கருத்து, அவர் மனத்தில் ஓர் அறிமுகமாகவே அமைந்துவிட்டது.

அவர் அன்று கண்ட வீட்டை இன்றைய சிறுவன் திரையில் காண்கிறானா? 1992-இல் ‘ரோஜா’ வந்தது; 1995-இல் ‘பம்பாய்’ வந்தது; 2013-இல் ‘விஸ்வரூபம்’ தடைக்கும் வழக்குக்கும் பின் வெளிவந்தது. இவை ஒவ்வொன்றையும் பற்றி வேறுபட்ட கருத்துகள் உண்டு. தனிப்படம் ஒன்றைக் குற்றம் சொல்வது என் நோக்கமன்று. தொழுகையும் துப்பாக்கியும் ஒரே சட்டகத்தில் மீண்டும் மீண்டும் வரும்போது, பார்ப்பவர் அறியாமலே அவ்விரண்டும் அவர் மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன என்பதே என் கவலை. தொப்பியணிந்தவரைக் கண்டு பேருந்தில் ஒருவர் சற்றே நகர்ந்து அமர்ந்தால், அத்தொப்பியணிந்தவர் வாழ்நாளில் ஒரு படமும் பாராதவராக இருக்கலாம். ஆயினும் ஒரு படம் அவர் வாழ்வில் புகுந்துவிட்டது. வாடகைக்கு வீடு தேடும் நம் மாணவருக்கும் இதுவே நேர்கிறது. திரைப்படத்தின் ஆழமான பாதிப்பு, பார்த்தவரின் வாழ்வில் மட்டும் விழுவதில்லை. அவருக்கு அடுத்த வீட்டில் இருப்பவரின் வாழ்விலும் விழுகிறது.

ஆதலால், “படம் பார்க்காதே” என்ற ஒற்றை அறிவுரையால் நம் கடமை முடிந்துவிடாது என்று பெரியோர்களிடம் பணிவோடு சொல்கிறேன். பாராமலே எதிர்ப்பதும் தீர்வாகாது. முஸ்தபா அக்காத் நபிகள் நாயகத்தின் காலத்தைப் படமாக்கி 1976-இல் வெளியிட்ட ‘தி மெசேஜ்’ படத்தில், நபியவர்களின் உருவமோ குரலோ இடம்பெறவில்லை. ஆயினும் 1977 மார்ச்சில் வாஷிங்டனில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணையாகப் பிடித்த ஒரு குழு, அப்படத்தை நிறுத்த வேண்டும் என்பதையும் தன் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தது. அந்நிகழ்வில் செய்தியாளர் ஒருவர் உயிரிழந்தார். படத்தில் என்ன இருக்கிறது என்று அறியுமுன்பே அப்படத்தின் பெயர் குருதியில் நனைந்தது.

செய்யத்தக்கது என்ன?

குறையே இல்லாத முஸ்லிமைத் திரையில் காட்டுங்கள் என்று நாம் கேட்க வேண்டா, அதுவும் பொய்யே. கடை வைத்து, கடன்பட்டு, மகளின் படிப்புக்காக அலைந்து, அண்டை வீட்டாரோடு பிணங்கியும் இணங்கியும் வாழும் மனிதரைக் காட்டுங்கள் என்று கேட்போம். 2012-இல் சீனு ராமசாமி இயக்கிய ‘நீர்ப்பறவை’யில் சமுத்திரக்கனி ஏற்ற படகு கட்டும் முஸ்லிம் பாத்திரம் அத்தகையது. கிறித்தவ மீனவ இளைஞன் ஒருவன் கடலில் செல்லும் படகு, அவருடைய கையால் உருவாகிறது. சொற்பொழிவு ஒன்றும் இல்லாமலே சமய நல்லிணக்கம் அங்கே மரத்திலும் ஆணியிலும் தெரிகிறது.

1993-இல் காவல் நிலையத்தில் கணவரை இழந்த ஏழைப் பெண் ஒருவருக்காக வழக்கறிஞர் கே.சந்துரு நடத்திய சட்டப் போராட்டம், 28 ஆண்டுகள் கழித்து 2021-இல் ‘ஜெய் பீம்’ படத்தால் வீடுதோறும் அறியப்பட்டது. அவ்வழக்கைப் படம் நடத்தவில்லை. ஒரு வழக்கறிஞரும் ஒரு கைம்பெண்ணும் நடத்தினர். ஆனால் அடுத்த தெருவில் அப்படி ஒரு பெண் இருக்கிறாளா என்று பார்க்கும் கண்ணைப் படம் சிலருக்கேனும் கொடுத்தது.

மாணவச் செல்வங்களே! தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டென வகுத்ததை வகுப்பில் பயில்கிறீர்கள். அரங்கில் உங்களுக்கு அழுகையும் வெகுளியும் பெருமிதமும் உவகையும் வருவது இயல்பே. ஒரு படத்தைப் பார்த்து வந்தபின் இரண்டு வினாக்களை உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். இப்படம் என்னை யாருக்கு அஞ்சச் சொல்கிறது? யாரை அறியச் சொல்கிறது? முதல் வினாவுக்கு விடையாக உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரின் முகம் தோன்றுமானால், அவர் இல்லத்துக்கு ஒருமுறை சென்று ஒரு குவளைத் தேநீர் அருந்தி வாருங்கள். காரைக்காலிலிருந்து கிளிஞ்சல்மேட்டுக்கும், கிளிஞ்சல்மேட்டிலிருந்து நாகூருக்கும் தொலைவு மிகக் குறைவு.