பொத்தைக்கு வால்பேப்பர் கிடையாதா?

விடுதியில் என் அறை நண்பனின் லேப்டாப்பைத் திறந்தால் அமெரிக்காதான் வரும். செக்கச்செவேல் என்று ஒரு பாறைச் சுவர், அடியில் ஆறு, கரையில் மஞ்சள் மஞ்சளாய் நாலைந்து மரம். யூட்டா மாநிலத்து சயான் பள்ளத்தாக்கு. நல்ல படம்தான், இல்லை என்று சொல்லவில்லை. போன வாரம் அதைக் காட்டி ஒன்று கேட்டான்: "உங்க ஊர்லயும்தான் மலை இருக்கு. சீசன் முடிஞ்சா அங்க பாக்க என்னடா இருக்கு?"

நான் தென்காசிக்காரன். அன்றைக்கு வாயில் வராத பதிலை இங்கே எழுதித் தீர்த்துக் கொள்கிறேன்.

முதலில் அந்தப் படத்தையே எடுத்துக் கொள்வோம். அது மணற்கல். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பாலைவனத்தில் காற்று குவித்த மணல் மேடுகள் இறுகிக் கல்லானவை. இரும்புத் துரு படிந்து சிவந்தது. ஆறு அதை அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கியது. கரையில் நிற்பது காட்டன்வுட் மரம். அக்டோபர் கடைசியில் பகல் குறைந்து குளிர் ஏறும்போது இலையில் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அந்தச் சிவப்புதான் வேண்டுமென்றால் திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரிக்கு வா. அதுவும் காற்று குவித்த மணல், அதே இரும்புத் துரு. இன்னும் கல்லாகவில்லை, அது ஒன்றுதான் குறை.

சரி, இலை? 'இலையுதிர் காலம்' என்பதைப் பள்ளிக்கூடத்தில் நாம் ஆங்கிலப் பாடத்துக்கு அர்த்தமாகத்தான் படித்தோம். நம் ஆறு பருவங்களில் அப்படி ஒரு பெயர் கிடையாது. அதனால் இங்கே இலையே உதிராது என்று நினைத்து விட்டோம். மாசி, பங்குனியில் குற்றாலம் மலையடிவாரத்துக்கு வந்து பாருங்கள். மேலே உயரத்தில் பசுமை மாறாக் காடு. கீழே தேக்கு மொட்டையாய் நிற்கும். இலவமரத்தில் ஒரு இலை இருக்காது, கிளை முழுக்கச் சிவப்புப் பூ. தெருவில் நிற்கும் நாட்டு வாதாம் இலை ரத்தச் சிவப்பாகி விழும். அங்கே குளிருக்குப் பயந்து உதிர்க்கிறது, இங்கே தண்ணீரை மிச்சம் பிடிக்க உதிர்க்கிறது. கூடவே மாமரத்துத் தளிர் செம்பு நிறத்தில் வரும். அவர்கள் ஊரில் இலை சாகும்போது சிவக்கிறது. நம் மாவிலை பிறக்கும்போதே சிவக்கிறது.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருக்கிறது. தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் சேர்த்துக் கொடுக்கிறது. பின்பனி என்றால் இதே மாசி, பங்குனிதான். முல்லையும் குறிஞ்சியும் காய்ந்தால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அப்படிப் பார்த்தால் குற்றாலம் ஆனி ஆடியில் குறிஞ்சி, பங்குனியில் பாலை. ஒரே ஊருக்குள் இரண்டு திணை! நாம் பார்ப்பது என்னவோ ஒன்றைத்தான்.

பேரருவி வற்றிக் கிடக்கும் நாளில் யாராவது போகிறோமா? அன்றைக்குத்தான் பாறை தெரியும். அந்த நைஸ் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் பழையது, சயானைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வயது. விழுகிற தண்ணீர் இடையில் குடைந்து வைத்த பொங்குமாங்கடல், பாறையில் செதுக்கிய லிங்கங்கள், எல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கும். கூட்டம்தான் இருக்காது. கடைகள் பாதி பூட்டியிருக்கும். ஈரமாக இருந்தால் அருவி, காய்ந்தால் வெறும் கல் என்பது நம் கணக்கு.

என் கோபம் ரசனையைப் பற்றியது மட்டும் இல்லை. 'வெறும் கல்' என்ற அந்த ஒரு வார்த்தை என்ன செய்கிறது தெரியுமா?

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு பொத்தை இருந்தது. (வெளியூர்க்காரர்களுக்கு: பொத்தை என்றால் சின்னப் பாறைக்குன்று.) உச்சியில் ஒரு சுனை. ஆச்சி சின்ன வயதில் ஆடு மேய்த்த இடம். நான் எட்டாவது படிக்கும்போது வெடி போட ஆரம்பித்தார்கள். இப்போது அங்கே குன்று இல்லை, பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் இருக்கிறது. ஆச்சி அந்தப் பக்கம் போவதில்லை. அந்தப் பொத்தையை யாரும் ஒரு போட்டோ கூட எடுத்து வைக்கவில்லை. நானும்தான்.

அரசாங்கமும் நம்மைப் போலத்தான் பார்க்கிறது. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் வெறும் பாறை நிலத்துக்கென்றே ஒரு வகை உண்டு, தரிசு என்ற தலைப்பின் கீழ். அந்தக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்தால் சயானும் தரிசுதான்.

அமெரிக்காவிலும் அப்படித்தான் பார்த்தார்கள். 1858-ல் ஐவ்ஸ் என்ற ராணுவ அதிகாரி கிராண்ட் கேன்யனுக்குள் போய் வந்து, இது லாபமில்லாத இடம், எங்களுக்குப் பிறகு யாரும் இங்கே வரப் போவதில்லை என்ற பொருளில் அறிக்கை எழுதினார். 1919-ல் அதே இடம் தேசியப் பூங்கா ஆனது. சயானும் அதே ஆண்டில்தான். இடையில் பாறை மாறவில்லை. பார்த்த கண் மாறியது.

அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம், மதுரைக்குப் போதும். அரிட்டாபட்டியின் மொட்டைப் பாறைகள் 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024-ல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தங்கள் மலையில் சமணர் படுக்கையும் குடைவரையும் சுனையும் இருக்கிறது என்று அந்த மக்களுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. எங்கள் பொத்தையைப் பற்றி எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஜல்லி இல்லாம உங்க வீட்ட எப்படிடா கட்டினாங்க?" என்று கேட்பீர்கள். நியாயம். எங்கள் வீட்டுக் கான்கிரீட்டிலும் ஏதோ ஒரு பொத்தை இருக்கிறது. கல்லே உடைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உடைப்பதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு முறையாவது பார்த்து எழுதி வையுங்கள் என்கிறேன். சுனை, மரம், பறவை, கல்வெட்டு, மேய்ச்சல், எல்லாம். எழுதி முடித்த பிறகும் 'தரிசு' என்று சொல்ல மனசு வந்தால் சொல்லுங்கள். புளியரை வழியாக எல்லை தாண்டும் ஒவ்வொரு ஜல்லி லாரியும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு ஊரின் அடையாளம். யாரும் பார்க்காத மலையை லாரிதான் முதலில் பார்க்கும்.

நண்பனுக்குப் பதில் இதுதான்: வர்ற மாசியில் என்னோடு ஊருக்கு வா. அருவியில் தண்ணீர் இருக்காது. இலவமரம் பூத்திருக்கும். மிச்சம் இருக்கிற பொத்தைகளில் ஒன்றின் மேல் ஏறி ஒரு படம் எடுப்போம். உன் லேப்டாப்பில் ஒரு மாதம் அது இருக்கட்டும்.

மற்றவர்களும் அவரவர் ஊர்ப் பாறையை ஒரு படம் எடுத்து வையுங்கள். சீக்கிரம்.