இரண்டு மௌனங்கள்

நாற்காலியில் ஒரு பாதிரியார். அடுத்த அறையின் கதவை வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒருவனைக் கட்டிப்போட்டு வதைக்கிறார்கள். அவன் கம்யூனிஸ்ட், கடவுளை நம்பாதவன். திருச்சபைக்கு எதிரியான அவனை ஏன் காக்கிறீர்கள் என்று ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அதிகாரி கேட்கிறான். நீதிக்காகப் போராடுகிறவன் கடவுளின் வழியில்தான் நடக்கிறான் என்பது பாதிரியாரின் நம்பிக்கை. தெரிந்த எதையும் அவர் சொல்லவில்லை.

ரோபர்டோ ரோசெல்லினியின் ‘ரோம், ஓபன் சிட்டி’ (1945) படத்தில் வரும் இந்தப் பாதிரியார் தோன் பியத்ரோ ஒரு கற்பனைப் பாத்திரம். ஆனால் அவருக்கு முன்மாதிரியானவர்கள் நிஜ மனிதர்கள். 1943 செப்டம்பர் முதல் 1944 ஜூன் 4 வரை ஜெர்மன் படையின் பிடியில் கிடந்த ரோமில், எதிர்ப்பாளர்களுக்கு உதவியதற்காகப் பாதிரியார் ஜுசெப்பே மொரோசினி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆர்தியாத்தீன் குகைகளில் ஜெர்மானியர் கொன்று குவித்த 335 பேரில் பாதிரியார் பியத்ரோ பாப்பகல்லோவும் ஒருவர்.

அதே நகரில், 1943 அக்டோபர் 16 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்ட அவர்களில் திரும்பியவர்கள் 16 பேர். பல மடங்களும் கன்னியர் இல்லங்களும் தப்பியவர்களுக்குக் கதவு திறந்தன. ஆனால் போப் பன்னிரண்டாம் பயஸ் ஜெர்மனியின் பெயரைச் சொல்லிப் பகிரங்கமாகக் கண்டிக்கவில்லை. பேசியிருந்தால் ஒளிந்திருந்தவர்களும் பிடிபட்டிருப்பார்கள் என்பார்கள் சிலர். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

இரண்டுமே மௌனம்தான். ஒன்று, அடிக்கிறவன் கேட்டபோது காத்த மௌனம். மற்றது, அடிபடுகிறவன் காத்திருந்தபோது நீடித்த மௌனம். முன்னதற்கு விலை உயிர். பின்னதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. மதத் தலைவர்களை இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று நாம் நினைக்கிறோம்.

தோன் பியத்ரோ மகான் அல்ல. தெருப் பிள்ளைகளோடு பந்தாடுகிறவர். கைதி வதையில் இறந்ததும் கொதித்து எழுந்து அதிகாரிகளைச் சபிக்கிறார். சபித்த மறுகணமே மண்டியிட்டு இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். கோபமும் அதற்கான வருத்தமும் ஒரே நெஞ்சில் இருப்பதால்தான் அவரை நம்ப முடிகிறது.

அவரைச் சுட நிறுத்திய இத்தாலியச் சிப்பாய்கள் குறிதவறிச் சுடுகிறார்கள். ஜெர்மன் அதிகாரி வந்து முடித்து வைக்கிறான். வேலிக்கு அப்பால் நின்று சீட்டியடித்த பிள்ளைகள், தலைகுனிந்து நகரத்தை நோக்கி நடக்கிறார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை அந்தப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.